வேர்டு ஆவணத்தில் விளக்கப்படம்: ஆறு எண்களை ஒரு வாக்கியமாக்கும் முழு வழிகாட்டி

1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு பெற்ற ஆண்கள் 73.75 விழுக்காடு, பெண்கள் 51.33 விழுக்காடு. 2001-இல் ஆண்கள் 82.42, பெண்கள் 64.43. 2011-இல் ஆண்கள் 86.77, பெண்கள் 73.44. ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களை மட்டும் வைத்துக் கணக்கிடப்பட்டவை இவை.

ஓர் அறிக்கையில் இந்தப் பத்தியைப் படிப்பவர் அடுத்த பக்கத்துக்குப் போவதற்குள் ஆறு எண்களையும் மறந்துவிடுவார். ஆனால் அவற்றுக்குள் ஒரு பெரிய செய்தி இருக்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே 22 புள்ளியாக இருந்த இடைவெளி இருபதே ஆண்டுகளில் 13 புள்ளியாகச் சுருங்கிவிட்டது. அதைப் படிப்பவர் கண்ணில் பட வைப்பதுதான் விளக்கப்படத்தின் வேலை. இந்த ஆறு எண்களையே எடுத்துக்கொண்டு, மைக்ரோசாஃப்ட் வேர்டில் ஒரு விளக்கப்படத்தைத் தொடக்கத்திலிருந்து அச்சு வரைக்கும் கொண்டுபோவோம். வேர்டு 2013-க்குப் பிறகு வந்த எல்லாப் பதிப்புகளிலும் படிகள் ஏறக்குறைய இவைதான். லிப்ரே ஆஃபீஸ், கூகுள் டாக்ஸ் பயன்படுத்துபவர்களுக்குத் தேவையானதைக் கடைசியில் சொல்லியிருக்கிறேன்.

கணினியைத் தொடுவதற்கு முன்

ஒரு தாளில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். "ஆண், பெண் எழுத்தறிவு இடைவெளி 1991-இல் 22 புள்ளி, 2011-இல் 13 புள்ளி." எழுத வரவில்லையென்றால் உங்களிடம் இன்னும் விளக்கப்படத்துக்கான செய்தி இல்லை, அட்டவணைக்கான எண்கள்தான் இருக்கின்றன. அப்படியிருந்தால் அட்டவணையே போடுங்கள். அதில் குறை ஒன்றும் இல்லை. அறிக்கைகளைத் தட்டச்சு செய்து வடிவமைக்கும் வேலையில் பல ஆண்டுகளாக நான் பார்ப்பது, பக்கம் வெறுமையாக இருக்கிறதே என்று செருகப்படும் படங்களைத்தான். அவை இடத்தை அடைக்கின்றன, எதையும் சொல்வதில்லை.

இந்த வாக்கியத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். படத்தின் வகை, தலைப்பு, நிறம், பார்வையற்றவர்களுக்கான விளக்கம் எல்லாவற்றையும் இதுவே முடிவு செய்யப்போகிறது.

எந்த வகைப் படம்?

வேர்டு காட்டும் பட்டியலில் பதினைந்துக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. அன்றாட அலுவலக வேலைக்கு நான்கு போதும்: நிற்கும் பட்டை, படுத்த பட்டை, கோடு, வட்டம்.

பொருள்களை ஒன்றோடொன்று ஒப்பிடப் பட்டை. காலப்போக்கில் ஏற்படும் மாற்றத்தைக் காட்டக் கோடு. இந்தப் பிரிவினை இந்தக் கலையின் பிறப்பிலேயே இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபேர் 1786-இல் நாடுகளின் வணிகத்தைக் கோடுகளாக வரைந்து வெளியிட்டார். ஸ்காட்லாந்துக்கு மட்டும் அவரிடம் ஓர் ஆண்டுக் கணக்குதான் இருந்தது. ஒரே ஆண்டைக் கோடாக இழுக்க முடியாதல்லவா? அதனால் எந்தெந்த நாட்டோடு எவ்வளவு ஏற்றுமதி, இறக்குமதி என்று பட்டைகளாக வரைந்தார். பட்டை விளக்கப்படம் அந்தப் பற்றாக்குறையில் பிறந்தது.

வட்ட விளக்கப்படத்தில்தான் மிகுதியான தவறுகள் நடக்கின்றன. எல்லாத் துண்டுகளையும் கூட்டினால் ஒரு முழுமை வர வேண்டும். அப்போது மட்டுமே வட்டம் பொருந்தும். 2011-இன் 86.77-ஐயும் 73.44-ஐயும் ஒரு வட்டத்துக்குள் போட்டால் வேர்டு மறுப்பு எதுவும் சொல்லாமல் வரைந்து கொடுத்துவிடும். ஆனால் அந்தப் படத்துக்குப் பொருளே கிடையாது, ஏனென்றால் இரண்டும் ஒரே முழுமையின் பங்குகள் அல்ல. பங்குகளாகவே இருந்தாலும் நான்குக்கு மேல் போனால் வட்டத்தை விட்டுவிடுங்கள். கோணத்தை அளப்பதைவிட, ஒரே அடிக்கோட்டில் நிற்கும் பட்டைகளின் உயரத்தை அளப்பதில் மனிதக் கண் துல்லியமானது. இதை அமெரிக்கப் புள்ளியியலாளர்கள் வில்லியம் கிளீவ்லண்டும் ராபர்ட் மெக்கில்லும் 1984-இல் சோதனை செய்து காட்டினார்கள். முப்பரிமாண வட்டத்தை எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள். முன்பக்கம் இருக்கும் துண்டு, எண்ணில் சிறியதாக இருந்தாலும், கண்ணுக்குப் பெரியதாகத் தெரியும்.

நம் ஆறு எண்களுக்குப் பட்டையும் பொருந்தும், கோடும் பொருந்தும். முதலில் பட்டை.

வேர்டிலேயே நேரடியாகச் செருகுவது

படம் வர வேண்டிய இடத்தில் ஒரு காலி வரியை உருவாக்கிக் கர்சரை வையுங்கள். மேலே 'இன்சர்ட்' தாவலில் 'சார்ட்' என்பதைச் சொடுக்குங்கள். திறக்கும் பெட்டியின் இடப்பக்கத்தில் வகைகள் இருக்கும். 'காலம்' (நிற்கும் பட்டை) என்பதைத் தேர்ந்தெடுத்தால் வலப்பக்க மேல்வரிசையில் முதலில் நிற்பது அடுத்தடுத்து நிற்கும் பட்டைகள். அதுதான் நமக்கு வேண்டும். 'ஓகே' கொடுங்கள்.

இப்போது ஆவணத்தில் ஒரு மாதிரிப் படமும், அதன் மேல் எக்செல் போன்ற ஒரு சிறிய சன்னலும் தோன்றும். அதில் நான்கு வரிசைகளும் மூன்று தொடர்களும் (எண்கள் உள்ள நெடுவரிசைகளும்) கொண்ட மாதிரி எண்கள் இருக்கும். அவற்றின் மேல் இப்படித் தட்டச்சு செய்யுங்கள்:

(காலி) | ஆண்கள் | பெண்கள்
1991 | 73.75 | 51.33
2001 | 82.42 | 64.43
2011 | 86.77 | 73.44

மூன்றாவது தொடரும் நான்காவது வரிசையும் நமக்கு வேண்டாம். பலர் அந்த எண்களை மட்டும் அழித்துவிட்டுச் சன்னலை மூடிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் படத்தின் வலது ஓரத்தில் ஒரு வெற்றிடமும், குறிவிளக்கத்தில் (எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று காட்டும் பகுதியில்) ஆளில்லாத ஒரு நிறமும் தங்கிவிடும். எண்களைச் சுற்றியிருக்கும் நிறக் கோட்டின் வலது கீழ் மூலையைச் சுட்டியால் பிடித்து, உங்கள் எண்கள் முடியும் கட்டம் வரை உள்ளே இழுங்கள். படம் உடனே சரியாகிவிடும்.

எண்ணில் பிழை இருப்பது பிறகு தெரியவந்தால், படத்தைச் சொடுக்கியதும் மேலே தோன்றும் 'சார்ட் டிசைன்' தாவலில் 'எடிட் டேட்டா' என்பதை அழுத்துங்கள். ஆண்டுகள் இருக்க வேண்டிய இடத்தில் ஆண், பெண் வந்து, படம் தலைகீழாகத் தெரிந்தால் அதே தாவலில் இருக்கும் 'ஸ்விட்ச் ரோ/காலம்' என்பதை ஒருமுறை அழுத்தினால் போதும். அந்தப் பொத்தான் மங்கலாகத் தெரிந்தால் முதலில் 'எடிட் டேட்டா' சன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

எக்செலிலிருந்து கொண்டுவருவது: இங்கே நிதானம் வேண்டும்

பெரும்பாலான அலுவலகங்களில் எண்கள் ஏற்கெனவே எக்செலில் இருக்கும். அங்கேயே எண்களைத் தேர்ந்தெடுத்து 'ஆல்ட்', 'எஃப்1' விசைகளைச் சேர்த்து அழுத்தினால் படம் வந்துவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. முதல் நெடுவரிசையில் 1991, 2001, 2011 என்று ஆண்டுகள் இருந்து, அதன் தலையில் 'ஆண்டு' என்றும் எழுதியிருந்தால், எக்செல் ஆண்டுகளையும் அளவுகளாக எடுத்துக்கொள்ளும். இரண்டாயிரம் உயரத்துக்கு மூன்று பட்டைகள் எழும். எழுத்தறிவுப் பட்டைகள் தரையில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். மேல் இடது மூலைக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு மறுபடி படத்தைச் செருகினால் ஆண்டுகள் கிடை அச்சில் போய் அமரும். மேலே நான் கொடுத்த அட்டவணையில் அந்த மூலை காலியாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

எக்செலில் படத்தை நகலெடுத்து வேர்டில் ஒட்டும்போது, படத்தின் கீழ் மூலையில் ஒரு சிறு பெட்டி தோன்றும். அதைச் சொடுக்கினால் ஐந்து வழிகள் விரியும். பலர் இந்தப் பெட்டியைக் கவனிப்பதே இல்லை. ஆனால் இந்த வேலை முழுவதிலும் பின்விளைவு மிகுந்த முடிவு இதுதான்.

ஐந்தும் உண்மையில் மூன்று வகைகள். ஒன்று, எக்செல் கோப்போடு இணைப்பு வைத்திருக்கும் படம். இரண்டு, எக்செல் கோப்பையே தனக்குள் விழுங்கிக்கொண்ட படம். இந்த இரண்டுக்கும் வேர்டின் நிறத்தோடு ஒட்டலாமா, எக்செலின் நிறத்தோடு ஒட்டலாமா என்று தலா இரண்டு கிளைகள். கடைசி வழி, வெறும் படமாக ஒட்டுவது.

நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் வேர்டு இணைப்பு வழியை எடுத்துக்கொள்ளும். எக்செலில் எண் மாறினால், வேர்டில் 'சார்ட் டிசைன்' தாவலின் 'ரிஃப்ரெஷ் டேட்டா' மூலம் படமும் மாறும். மாதாமாதம் புதுப்பிக்கும் அறிக்கைக்கு இதுவே உகந்தது. ஆனால் அந்த இணைப்பு, கோப்பு இருக்கும் இடத்தின் முழு முகவரியாகச் சேமிக்கப்படுகிறது. எக்செல் கோப்பை வேறு கோப்புறைக்கு மாற்றினாலோ, வேர்டு கோப்பை மட்டும் இன்னொரு கணினிக்கு அனுப்பினாலோ, படம் பழைய எண்களோடு நின்றுவிடும், திருத்த முடியாது. 'ஃபைல்' மெனுவில் 'இன்ஃபோ' பக்கத்தின் வலது கீழ்ப்புறத்தில் இணைப்புகளைத் திருத்தும் வழி இருக்கிறது. அங்கே புதிய இடத்தைக் காட்டலாம். இறுதி வடிவம் என்றால் இணைப்பைத் துண்டித்துவிடலாம்.

கோப்பை விழுங்கிக்கொள்ளும் வழி பார்ப்பதற்குப் பாதுகாப்பானதாகத் தோன்றும், ஏனென்றால் படம் எங்கே போனாலும் எண்களும் கூடவே போகும். ஆனால் கூடப் போவது அந்த ஆறு எண்கள் மட்டும் அல்ல. அந்த எக்செல் கோப்பில் இருக்கும் எல்லாத் தாள்களும் போகின்றன, மறைத்து வைத்த தாள்கள் உட்பட.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கை, அச்சுக்கு முன் மெருகூட்டுவதற்காக என்னிடம் வந்தது. ஒரு பட்டையில் எண் தவறாகத் தெரிந்தது. சரிபார்க்கத் தரவைத் திறந்தேன். கீழே ஐந்தாறு தாள்கள் வரிசையாக நின்றன. ஒன்றில் ஊழியர்களின் பெயர்களும் சம்பளமும் வங்கிக் கணக்கு எண்களும் இருந்தன. அந்தக் கோப்பு அதற்குள் மின்னஞ்சலில் பலருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அனுப்பியவர் எந்தத் தீய எண்ணமும் இல்லாதவர். படத்தை மட்டும் ஒட்டியதாகவே நம்பியிருந்தார். அன்றிலிருந்து நான் யாருக்குக் கற்றுக்கொடுத்தாலும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

உங்கள் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். வேர்டு கோப்பை ஒரு நகல் எடுத்து, பெயரின் கடைசியில் இருக்கும் 'டாக்எக்ஸ்' என்ற பின்னொட்டை 'ஜிப்' என்று மாற்றித் திறங்கள். 'வேர்டு' கோப்புறைக்குள் 'எம்பெடிங்ஸ்' என்று இன்னொரு கோப்புறை இருந்தால், விழுங்கப்பட்ட எக்செல் கோப்புகள் அதற்குள் உட்கார்ந்திருக்கும்.

தடுக்கும் வழி எளிது. படத்துக்கான எண்களை மட்டும் ஒரு புதிய எக்செல் கோப்பில் வைத்து, அங்கிருந்து படம் எடுங்கள். அல்லது நம் ஆறு எண்களைப் போலக் குறைவாக இருந்தால் வேர்டிலேயே நேரடியாகத் தட்டச்சு செய்துவிடுங்கள். வெளியாருக்கு அனுப்புவதைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

படத்தைச் சீர்செய்தல்

இப்போது உங்கள் முன் நீலமும் ஆரஞ்சுமாக ஒரு படம் இருக்கும். இப்படியே விட்டுவிட்டாலும் அது படம்தான். ஆனால் நாம் எழுதிய வாக்கியத்தை அது இன்னும் சொல்லவில்லை.

படத்தைச் சொடுக்கினால் வலது ஓரத்தில் சிறு பொத்தான்கள் வரும். கூட்டல் குறி போட்டது, படத்தின் உறுப்புகளைச் சேர்க்கவும் நீக்கவும். தூரிகை போட்டது நிறத்துக்கும் பாணிக்கும். புனல் போட்டது சில வரிசைகளை மட்டும் மறைக்க. இவற்றைவிட எனக்குப் பயன்படுவது ஒரு குறுக்குவழி: எந்த உறுப்பைத் திருத்த வேண்டுமோ அதைச் சொடுக்கிவிட்டு 'கண்ட்ரோல்', '1' விசைகளைச் சேர்த்து அழுத்துங்கள். அந்த உறுப்புக்குரிய எல்லா அமைப்புகளும் வலப்பக்கத்தில் திறக்கும்.

முதலில் தலைப்பு. 'சார்ட் டைட்டில்' என்று நிற்கும் இடத்தில் இருமுறை சொடுக்கி, "ஆண், பெண் எழுத்தறிவு இடைவெளி 22 புள்ளியிலிருந்து 13 ஆகக் குறைந்தது" என்று எழுதுங்கள். "தமிழ்நாடு எழுத்தறிவு விகிதம் 1991–2011" என்று எழுதினால் அது பெயர்ப்பலகை. அதைப் படத்துக்குக் கீழே எண்ணிட்ட வரியில் எழுதிக்கொள்ளலாம். படத்தின் நெற்றியில் செய்தியே இருக்கட்டும்.

அடுத்து செங்குத்து அச்சு. பட்டை எப்போதும் பூச்சியத்தில் தொடங்க வேண்டும். பட்டையின் நீளமே அதன் பொருள். அடியை வெட்டினால் பொருள் மாறிவிடும். எண்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கும்போது எக்செலும் வேர்டும் தாமாகவே அச்சைப் பூச்சியத்துக்கு மேலே தொடங்கிவிடும். 2011-இல் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75, சென்னையின் எழுத்தறிவு 90.18. அச்சு 89-இல் தொடங்கினால் கன்னியாகுமரியின் பட்டை சென்னையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்து நிற்கும். உண்மையான வேறுபாடு ஒன்றரைப் புள்ளி. அச்சின் எண்களைச் சொடுக்கி 'கண்ட்ரோல் 1' அழுத்தி, 'பவுண்ட்ஸ்' பகுதியில் 'மினிமம்' 0 என்றும் 'மேக்சிமம்' 100 என்றும், 'யூனிட்ஸ்' பகுதியில் 'மேஜர்' 20 என்றும் தட்டச்சு செய்யுங்கள். நாமே எண்ணைக் கொடுத்துவிட்டால் வேர்டு பிறகு தானாக மாற்றாது.

பட்டைகளின் இடைவெளியை வேர்டு தாராளமாக விடுகிறது. ஒரு பட்டையைச் சொடுக்கி அமைப்பைத் திறந்தால் 'சீரீஸ் ஓவர்லேப்' -27, 'கேப் விட்த்' 219 என்று இருக்கும். முன்னதை 0 ஆக்குங்கள். ஆண், பெண் பட்டைகள் ஒட்டி நின்று இணையாகத் தெரியும். பின்னதை 80 அளவுக்குக் குறையுங்கள். பட்டைகள் கனமாகி, ஒவ்வோர் ஆண்டும் ஒரு குழுவாகப் பிரிந்து நிற்கும்.

நிறம் தேர்ந்தெடுக்கும்போது நம் அலுவலகங்களின் கறுப்பு வெள்ளை அச்சுப்பொறியை மனத்தில் வையுங்கள். சிவப்பும் பச்சையும் திரையில் வேறு வேறாக இருந்தாலும் அந்த அச்சில் ஒரே சாம்பலாக வந்து விழக்கூடும். அந்த இரண்டு நிறங்களையும் பிரித்தறிய இயலாத கண்கள் உள்ளவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். ஒன்று அடர்த்தி, ஒன்று வெளிர் என்று வைத்தால் இரண்டு சிக்கல்களும் தீரும். நம் செய்தியின் நாயகி பெண்களின் வளர்ச்சி. ஆகவே பெண்களுக்கு அடர் நீலம், ஆண்களுக்கு வெளிர் சாம்பல்.

பட்டைகளின் தலையில் எண்கள் வேண்டுமானால் கூட்டல் பொத்தானில் 'டேட்டா லேபிள்ஸ்' என்பதைக் குறியிடுங்கள். எண்களைப் போட்ட பிறகு பின்னாலிருக்கும் கிடைக் கோடுகளுக்கு வேலை இல்லை. ஒரு கோட்டைச் சொடுக்கி 'டெலிட்' அழுத்துங்கள். அச்சின் எண்களையும் எடுத்துவிடலாம், ஆனால் பூச்சியத்திலிருந்து 100 வரை என்று முன்பு கொடுத்த அளவை நிலைநிறுத்திய பிறகே எடுங்கள். அச்சை நீக்கக் கூட்டல் பொத்தானில் 'ஆக்சிஸ்' குறியை அகற்றுவதைவிட, அச்சின் அமைப்பில் 'லேபிள்ஸ்' பகுதியில் 'நன்' தேர்ந்தெடுப்பது நல்லது. அளவு அப்படியே இருக்கும்.

தமிழ் எழுத்து படத்துக்குள் வரும்போது

பழைய கோப்புகளில் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பெயர்களை அப்படியே படத்துக்குள் கொண்டுவராதீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எல்லாம் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாக மாறிவிடும். யூனிகோடில் மாற்றிக்கொண்ட பிறகே படம். படத்தின் ஓரத்தைச் சொடுக்கி முழுப்படத்தையும் தேர்ந்தெடுத்து, 'ஹோம்' தாவலில் 'நிர்மலா யூஐ' எழுத்துருவைக் கொடுத்துவிட்டால் தலைப்பு, அச்சு, எண்கள் எல்லாம் ஒரே முகத்தோடு வரும். விண்டோஸ் 8 முதல் இந்த எழுத்துரு கூடவே வருகிறது. அளவு 9-க்குக் கீழே போக வேண்டாம்; கொம்பும் புள்ளியும் சுழியும் அச்சில் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

நம் ஊர்ப் பெயர்கள் நீளமானவை. திருவண்ணாமலை, கன்னியாகுமரி, இராமநாதபுரம் என்று பத்து மாவட்டங்களை நிற்கும் பட்டைகளின் அடியில் எழுதப் பார்த்தால் வேர்டு எல்லாவற்றையும் சாய்த்துவிடும். படிப்பவர் கழுத்தைச் சாய்க்க வேண்டும். அப்போது படுத்த பட்டைக்கு மாறுங்கள்: 'சார்ட் டிசைன்' தாவலில் 'சேஞ்ச் சார்ட் டைப்', இடப்பக்கப் பட்டியலில் 'பார்'. பெயர்கள் நேராக, முழுதாக நிற்கும். ஆனால் அட்டவணையில் முதலில் இருந்த மாவட்டம் படத்தில் அடியில் போய்விடும். பெயர்கள் இருக்கும் அச்சின் அமைப்பில் 'கேட்டகரீஸ் இன் ரிவர்ஸ் ஆர்டர்' என்பதைக் குறியிட்டால் வரிசை சரியாகும். அதனால் எண் அச்சு மேலே ஏறிவிட்டால், அதே இடத்தில் 'அட் மேக்சிமம் கேட்டகரி' என்பதைத் தேர்ந்தெடுங்கள், கீழே இறங்கிவிடும். அட்டவணையை அகர வரிசையில் விடாமல், எண்ணின் இறங்கு வரிசையில் அடுக்கிவிட்டுப் படம் எடுப்பது இன்னும் நல்லது.

செங்குத்து அச்சுக்குத் தலைப்பு வைத்தால் அது தொண்ணூறு பாகை திரும்பி நிற்கும். ஆங்கிலத்தில் கண் பழகியிருக்கலாம். தமிழ் எழுத்தை அப்படிப் படிப்பது கடினம். அலகை இரண்டாவது வரியாகப் படத் தலைப்பின் கீழே சிறிய எழுத்தில் "விழுக்காட்டில்" என்று எழுதிவிடுங்கள்.

இலட்சமும் கோடியும்

எழுத்தறிவுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் மக்கள்தொகை, வரவு செலவு போன்றவற்றில் அச்சு முழுவதும் பூச்சியங்கள் வரிசைகட்டும். தமிழ்நாட்டின் மக்கள்தொகை 2001-இல் 6,24,05,679, 2011-இல் 7,21,47,030. இதை அச்சில் 80000000 என்று போட்டால் யாரும் எண்ணிப் பார்க்க மாட்டார்கள். செங்குத்து அச்சின் அமைப்பில் 'டிஸ்ப்ளே யூனிட்ஸ்' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் இலட்சம், கோடி என்ற பெயர்கள் இல்லை. ஆனால் 100000, 10000000 என்ற எண்கள் இருக்கின்றன. இலட்சத்துக்கு முன்னது, கோடிக்குப் பின்னது. தேர்ந்தெடுத்ததும் படத்தின் ஓரத்தில் தோன்றும் பெருக்கல் குறிப்பைச் சொடுக்கி "இலட்சத்தில்" அல்லது "கோடியில்" என்று மாற்றி எழுதுங்கள்.

அதே எண்கள், கோடாக

நம் வாக்கியம் இடைவெளியைப் பற்றியது. பட்டைப் படத்தில் இடைவெளியைப் படிப்பவர் தாமே கழித்துப் பார்க்க வேண்டும். கோட்டுப் படத்தில் அது கண்ணுக்கு நேராகவே தெரியும். எனவே இந்த எண்களுக்கு என் இறுதித் தேர்வு கோடுதான்.

'சேஞ்ச் சார்ட் டைப்' மூலம் 'லைன்' வகையில் புள்ளிகளோடு கூடிய கோட்டைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு கோடுகள் இடமிருந்து வலமாக ஒன்றை ஒன்று நெருங்கிவரும். இப்போது 'சார்ட் டிசைன்' தாவலில் 'ஆட் சார்ட் எலிமென்ட்', அதற்குள் 'லைன்ஸ்', அதற்குள் 'ஹை-லோ லைன்ஸ்' என்று போங்கள். ஒவ்வோர் ஆண்டிலும் ஆண் புள்ளியிலிருந்து பெண் புள்ளிக்கு ஒரு செங்குத்துக் கோடு விழும். 1991-இல் நீளம், 2001-இல் அதைவிடக் குட்டை, 2011-இல் இன்னும் குட்டை. நாம் எழுதிய வாக்கியம் அப்படியே படமாகிவிட்டது. இந்த வசதியை நான் கண்டுபிடித்த நாளில், அதற்கு முன் கையால் கோடு வரைந்து ஒட்டிய அறிக்கைகளையெல்லாம் நினைத்துக்கொண்டேன். படத்தைச் சற்று நகர்த்தினாலே அந்தக் கைக்கோடுகள் இடம் தப்பிவிடும்; இவை படத்தோடு சேர்ந்தே நகரும்.

அந்தக் கோடுகளின் அருகே "22.4", "18.0", "13.3" என்று எழுத விரும்பினால், படத்தைத் தேர்ந்தெடுத்த நிலையிலேயே 'ஃபார்மட்' தாவலிலிருந்து எழுத்துப் பெட்டியைச் செருகுங்கள். அப்போதுதான் பெட்டி படத்துக்குள் அடங்கும். வேர்டு பக்கத்தில் தனியாக மிதக்காது.

குறிவிளக்கத்தையும் இங்கே எடுத்துவிடலாம். கோட்டின் மேல் ஒருமுறை சொடுக்கினால் முழுக் கோடும் தேர்வாகும். கடைசிப் புள்ளியின் மேல் மறுபடி சொடுக்கினால் அது மட்டும் தேர்வாகும். வலது சொடுக்கில் 'ஆட் டேட்டா லேபிள்' கொடுத்து, அதன் அமைப்பில் 'சீரீஸ் நேம்' என்பதைக் குறியிடுங்கள். "பெண்கள், 73.44" என்று கோட்டின் முனையிலேயே பெயர் நிற்கும், நிறத்தைப் பார்த்துவிட்டு ஓரத்தில் பெயரைத் தேடும் வேலை மிச்சம்.

கோட்டுப் படத்தில் அச்சு பூச்சியத்தில் தொடங்க வேண்டிய கட்டாயம் இல்லை, ஏனென்றால் இங்கே பேசுவது சாய்வு, நீளம் அல்ல. 40 முதல் 100 வரை வைக்கலாம். ஆனால் ஆண்டுகளின் இடைவெளி சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். நம் கணக்கெடுப்புகள் பத்தாண்டுக்கு ஒருமுறை என்பதால் சிக்கல் இல்லை. 2001, 2011, 2014 என்று இருந்தால் வேர்டு மூன்றையும் சம தூரத்தில் வைத்துவிடும், சாய்வு பொய்யாகும். அப்போது 'ஸ்கேட்டர்' எனப்படும் சிதறல் விளக்கப்படத்தில் கோடு சேர்ந்த வகையைப் பயன்படுத்துங்கள். அது ஆண்டுகளை எண்ணாகவே மதித்து இடம் கொடுக்கும்.

பக்கத்தில் அமர்த்துதல்

படத்தை 'இன் லைன் வித் டெக்ஸ்ட்' நிலையிலேயே விட்டு, பத்தியை நடுவில் அமர்த்துங்கள். எழுத்து சுற்றி ஓடும் அமைப்புகள் அழகாகத் தெரியலாம். மேலே இரண்டு வரி சேர்த்ததும் படம் அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடும்.

படத்தின் மேல் வலது சொடுக்கி 'இன்சர்ட் கேப்ஷன்' எடுத்து, 'நியூ லேபிள்' மூலம் "படம்" என்ற சொல்லை ஒருமுறை உருவாக்கிக்கொண்டால், படம் 1, படம் 2 என்று எண் தானாக ஏறும். நடுவில் ஒரு படத்தைச் சேர்த்த பிறகு எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து 'எஃப்9' அழுத்தினால் எண்கள் திருத்தப்படும். படமும் அதன் கீழ்வரியும் வேறு வேறு பக்கத்தில் பிரிந்து போகாமலிருக்க, படம் இருக்கும் பத்தியின் அமைப்பில் 'கீப் வித் நெக்ஸ்ட்' குறியிடுங்கள். எண்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் கீழ்வரியிலேயே எழுதுங்கள்: "இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 7 வயதும் அதற்கு மேலும்."

வலது சொடுக்கில் 'ஆல்ட் டெக்ஸ்ட்' என்று ஒன்று இருக்கிறது. பார்வையற்றவர்கள் திரைவாசிப்பு மென்பொருளின் துணையோடு ஆவணத்தைக் கேட்கும்போது, படத்துக்குப் பதில் இந்த வரிதான் ஒலிக்கும். "விளக்கப்படம்" என்று மட்டும் எழுதி அவர்களை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். தொடக்கத்தில் தாளில் எழுதினீர்களே ஒரு வாக்கியம், அதை இங்கே எழுதி, ஆறு எண்களையும் சேர்த்துவிடுங்கள்.

இவ்வளவு உழைத்துச் செய்த வடிவத்தை ஒவ்வொரு முறையும் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. வலது சொடுக்கில் 'சேவ் அஸ் டெம்ப்ளேட்' கொடுத்து ஒரு பெயர் வையுங்கள். அடுத்த முறை 'சார்ட்' பெட்டியின் இடப்பக்கத்தில் 'டெம்ப்ளேட்ஸ்' என்ற இடத்தில் அது காத்திருக்கும். எக்செல், பவர்பாயிண்டிலும் அதே வார்ப்பு கிடைக்கும். தலைப்பையும் அச்சின் எல்லைகளையும் மட்டும் புதிய எண்களுக்கு ஏற்றபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

லிப்ரே ஆஃபீஸ், கூகுள் டாக்ஸ்

லிப்ரே ஆஃபீஸ் ரைட்டரில் 'இன்சர்ட்' மெனுவில் 'சார்ட்' கொடுத்தவுடன் மாதிரிப் படம் நேராக வந்துவிடும். 'வியூ' மெனுவில் 'டேட்டா டேபிள்' திறந்து எண்களை மாற்றுங்கள். படத்துக்கு வெளியே சொடுக்கினால் திருத்தும் நிலையிலிருந்து வெளியே வந்துவிடுவீர்கள். திரும்பத் திருத்த இருமுறை சொடுக்க வேண்டும். புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் இது ஒன்றுதான். லிப்ரே ஆஃபீஸின் விரிதாள் மென்பொருளான கால்கில் செய்த படத்தை ரைட்டரில் ஒட்டினால் அது தனி நகலாகிவிடும். கால்கில் எண் மாறினாலும் ரைட்டரில் மாறாது; மாதாந்திர அறிக்கை செய்பவர்கள் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒட்ட வேண்டும்.

கூகுள் டாக்ஸில் 'இன்சர்ட்', 'சார்ட்', 'ஃப்ரம் ஷீட்ஸ்' என்று போய், ஏற்கெனவே ஷீட்ஸில் இருக்கும் படத்தைத் தேர்ந்தெடுங்கள். இணைப்போடு செருகினால், எண் மாறும்போது படத்தின் மூலையில் 'அப்டேட்' பொத்தான் தோன்றும். அதை அழுத்தும் வரை பழைய படமே நிற்கும், ஆகவே கூட்டத்துக்கு முன் ஒருமுறை ஆவணத்தை உருட்டிப் பாருங்கள்.

எந்த மென்பொருளாக இருந்தாலும், அனுப்புவதற்கு முன் அந்தப் பக்கத்தைக் கறுப்பு வெள்ளையில் ஓர் அச்சு எடுங்கள். அறிக்கையைப் பற்றி எதுவும் அறியாத ஒருவரிடம் படத்தை மட்டும் காட்டி, தலைப்பை விரலால் மறைத்துக்கொண்டு, இது என்ன சொல்கிறது என்று கேளுங்கள். "பெண்கள் நெருங்கி வந்துவிட்டார்கள்" என்று அவர் சொன்னால் பிடிஎஃப் எடுக்கலாம். வேறு எதையாவது சொன்னால் மீண்டும் 'சேஞ்ச் சார்ட் டைப்' பக்கம் போங்கள்.